ஜன்னலுக்கு வெளியே ஒரு படகு

கப்பலில் எங்கள் அறைக் கதவைத் திறந்ததும் அம்மா பையைக்கூடக் கீழே வைக்காமல் நேராக ஜன்னலுக்குத்தான் போனார். திரையை விலக்கினார். வெளியே கடல் இல்லை. ஜன்னலை அடைத்துக்கொண்டு ஆரஞ்சு நிறத்தில் ஒரு படகின் வயிறு தொங்கிக்கொண்டிருந்தது. ஆபத்துக்கு இறக்குகிற உயிர்காப்புப் படகு. கண்ணாடி இல்லாவிட்டால் கையை நீட்டித் தொட்டுவிடலாம், அவ்வளவு பக்கம். அதன் மேல் எண்ணெய் வழிந்த தடம், வெயிலில் வெளுத்த பெயின்ட், 150 பேர் ஏறலாம் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்த எழுத்து, எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. படகுக்கு மேலே ஒரு முழம் வானம், கீழே ஒரு சாண் தண்ணீர். அம்மா குனிந்து அந்த ஒரு சாண் இடுக்கு வழியாகப் பார்த்துவிட்டு, "தண்ணி தெரியுதுடா பெரியவனே" என்றார். எங்களைச் சமாதானப்படுத்தத்தான் அப்படிச் சொன்னார். பணம் கட்டிய என் தம்பியின் முகத்தை எனக்குப் பார்க்க முடியவில்லை.

நான் கோத்தகிரியில் டூரிஸ்ட் டாக்ஸி ஓட்டுகிறேன். 18 வருஷமாகிறது. ஊர் சுற்ற வந்து ஏமாந்துபோன முகத்தை என் வண்டிக் கண்ணாடியில் நூறு முறைக்கு மேல் பார்த்திருக்கிறேன். கோடநாடு காட்சிமுனைக்கு ஒரு பார்ட்டியைக் கூட்டிக்கொண்டு போவோம், கீழே மோயாறும் தெங்குமரஹாடாவும் எதிரே ரங்கசாமி தூணும் தெரிய வேண்டிய இடத்தில் வெள்ளை வேட்டியை விரித்த மாதிரி மூடுபனி நிற்கும். அரை மணி நேரம் நின்று பார்ப்பார்கள், குழந்தைகளுக்குக் குளிரெடுக்கும், அப்புறம் வண்டியில் ஏறி ஒருவரும் பேச மாட்டார்கள். அந்த மௌனம் எனக்குப் பழக்கம். ஆனால் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து அதைக் கேட்பது வேறு, பணம் கட்டிவிட்டுப் பின்சீட்டில் உட்கார்ந்திருப்பது வேறு என்பது போன வருஷத்துக்கு முந்தின வருஷம், 2024 ஆகஸ்டில், அந்தக் கப்பலில்தான் எனக்குப் புரிந்தது.

முதலில் ஏன் கப்பல் என்று சொல்ல வேண்டும். அம்மா பிறந்தது இலங்கையில், மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில். 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒரு ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும், மிச்சம் 1,50,000 பேரைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று. மலையகத்தில் நாலு தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்களை இப்படிக் கணக்குப் போட்டுப் பிரித்தார்கள். எங்கள் தாத்தா இந்தியப் பக்கக் கணக்கில் விழுந்தார். 1973இல், அம்மாவுக்கு 9 வயது, அட்டனில் கோச்சி ஏறி (ரயிலை அம்மா இன்றைக்கும் கோச்சி என்றுதான் சொல்வார்) தலைமன்னாருக்கு வந்து, அங்கே கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டுக் கோத்தகிரியில் ஒரு தோட்டத்துக்கு வந்தார்கள். தாயகம் திரும்பியவர்களுக்காகவே 1968இல் அரசு ஆரம்பித்த தேயிலைத் தோட்டம் அது. 1976இல்தான் அது டேன்டீ என்கிற தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமானது. அம்மா அங்கேயே கொழுந்தெடுத்து, எங்கள் இரண்டு பேரையும் படிக்க வைத்து, ஓய்வும் பெற்றுவிட்டார்.

அந்தக் கப்பல் பயணம் சில மணி நேரம்தான். ஆனால் அம்மாவுக்கு அதில் ஒரு குறை உண்டு. தாத்தா பிள்ளைகளைக் கீழ்த்தளத்தில் மூட்டை முடிச்சுகளுக்கு நடுவில் உட்கார வைத்து, "யாரும் திரும்பிப் பாக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டாராம். மேலே போனவர்கள் எல்லாம் கரையைப் பார்த்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்களாம், அந்தச் சத்தம் கீழே கேட்டதாம். அம்மா எதையும் பார்க்கவில்லை. "ஒரு ஊரு கண்ணுல இருந்து மறையறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது" என்று சின்ன வயதிலிருந்து எங்களிடம் சொல்லியிருக்கிறார். அழுதுகொண்டு சொல்ல மாட்டார். பால் காய்ச்சும்போது, வெங்காயம் நறுக்கும்போது, போகிற போக்கில் சொல்வார்.

தம்பி சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறான். அவனுக்கு இது மனதில் கிடந்திருக்கிறது. சீசன் முடிந்து எனக்கு வண்டி ஓட்டம் குறையும் மாதமாகப் பார்த்து, 4 இரவுக் கப்பல் பயணம் ஒன்றைப் பதிவு செய்தான். சிங்கப்பூரில் கிளம்பி பினாங்கு, அங்கிருந்து புக்கெட், மறுபடி சிங்கப்பூர். சிங்கப்பூருக்கு மட்டும் எங்களுக்கு விசா தேவைப்பட்டது, மலேசியாவுக்கும் தாய்லாந்துக்கும் அந்தச் சமயத்தில் இந்தியர்களுக்கு விசா இல்லாமலே போகலாம். ஏஜென்ட்டிடம் அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: கடல் தெரிகிற ஜன்னல் வேண்டும். அதற்காக ஜன்னல் இல்லாத உள்ளறையைவிட ஓர் ஆளுக்கு 90 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கூடக் கட்டினான். ரசீதின் நாலாவது பக்கத்தில், பொடி எழுத்தில், 'பார்வை ஓரளவு மறைக்கப்படலாம்' என்று ஒரு வரி இருந்தது. கப்பலில் ஏறிய பிறகுதான் அதைத் தேடிக் கண்டுபிடித்தோம். ஓரளவு! அந்த வார்த்தையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. அந்தக் கப்பலின் ஒவ்வொரு தளத்துக்கும் வரைபடம் இருக்கிறது, எந்த அறைக்கு முன்னால் எந்தப் படகு தொங்குகிறது என்பது அவர்களுக்கு அங்குலக் கணக்கில் தெரியும்.

ஏறிய அன்றைக்குச் சாயங்காலம் பாதுகாப்புப் பயிற்சி. மணி அடித்தால் யார் எங்கே வந்து நிற்க வேண்டும் என்று காட்டுவார்கள். 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையில் கோஸ்டா கான்கார்டியா கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்தார்களே, அன்றைக்குப் புதிதாக ஏறியவர்களுக்குப் பயிற்சி நடக்கவே இல்லை. அதற்கப்புறம்தான், கப்பல் கிளம்புவதற்கு முன்னாலோ கிளம்பின உடனேயோ பயிற்சி நடத்தியே ஆக வேண்டும் என்று விதி வந்தது. ஒலிபெருக்கியில் 'மஸ்டர்' என்ற வார்த்தை கேட்டதும் அம்மா சட்டென்று எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டார். தோட்டத்தில் காலையில் பேர் கொடுக்கிற இடம் மஸ்டர். இலங்கையில் அதையே பெரட்டு என்பார்களாம். "பேரு கொடுக்கணுமா?" என்று கேட்டார். ஆமாம்மா, கிட்டத்தட்ட அதுதான் என்றேன். வரிசையில் முதல் ஆளாகப் போய் நின்றார்.

அந்தப் பயிற்சி, அதற்கப்புறம் எங்களுக்கு ஒதுக்கிய நேரத்தில் சாப்பாடு என்று ஓடியதில், கப்பல் எப்போது கிளம்பியது என்றே எங்களுக்குத் தெரியவில்லை. தயிர்சாதமும் ஊறுகாயும் கிடைத்த சந்தோஷத்தில் உட்கார்ந்திருந்தோம், மேஜையில் தண்ணீர் லேசாக ஆடியது, "கிளம்பிருச்சோ?" என்றார் அம்மா. மேல்தளத்துக்கு ஓடிப் போய்ப் பார்த்தால் இருட்டு. சிங்கப்பூர் விளக்குகள் பக்கவாட்டில் எங்கேயோ போய்விட்டன. கப்பலின் பின்பக்கத்துக்குப் போகும் வழி எங்களுக்கு அப்போது தெரியாது.

மறுநாள் மதியம் பினாங்கு. அந்தப் பயணத்தில் குறை சொல்ல முடியாத அரை நாள் அதுதான். கப்பல் நிற்கிற சுவெட்டன்ஹாம் துறையிலிருந்து ஜார்ஜ் டவுனுக்கு நடந்தே போய்விடலாம். குவீன் தெருவில் 1833இல் கட்டிய மகாமாரியம்மன் கோவில் இருக்கிறது, அம்மா அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியம்மா ரப்பர் தோட்டத்தில் பிறந்தவராம். இரண்டு பேரும் பால்மரம் வெட்டுகிற கூலியையும் கொழுந்துக் கூலியையும் பேசி முடிப்பதற்குள் எங்களுக்குத் திரும்புகிற நேரம் வந்துவிட்டது. தம்பி பினாங்கு மலை ரயிலுக்கு டிக்கெட் போட்டு வைத்திருந்தான், 1923இல் இருந்து ஓடுகிற ரயில். அம்மா வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். "மல நம்ம ஊர்லயே இருக்குடா." நியாயம்தான்.

திரும்பி வந்து கப்பல் கிளம்பும்போது மழை. பின்தளத்துக் கதவு சாத்தியிருந்தது.

ராத்திரி ஆட்டம் ஆரம்பித்தது. படுக்கைக்குப் பக்கத்தில் வைத்த தண்ணீர் பாட்டில் உருண்டு சுவரில் முட்டி, மறுபடி உருண்டு வந்தது. அலமாரிக்குள் ஹேங்கர்கள் ஒன்றோடு ஒன்று மோதுகிற சத்தம். அம்மாவுக்குக் குமட்டல், தலை சுற்றல். என் தொழிலில் எனக்கு நன்றாகத் தெரிந்த சங்கதி இது. மேட்டுப்பாளையத்திலிருந்து வளைவு ஏறும்போது பின்சீட்டில் போன் பார்த்துக்கொண்டு வருகிற பிள்ளைதான் முதலில் வாந்தி எடுக்கும். காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பு உடம்பு அசைகிறது என்கிறது, கண்ணோ எதிரே இருப்பது அசையவில்லை என்கிறது, மூளைக்கு எதை நம்புவது என்று தெரியவில்லை, வயிறு புரட்டுகிறது. நான் அந்தப் பிள்ளையை முன்சீட்டுக்கு மாற்றி, தூரத்தில் ரோட்டைப் பார் கண்ணு என்பேன், பெரும்பாலும் சரியாகிவிடும். கப்பலிலும் அதே வைத்தியம்தான், தொடுவானத்தைப் பார்க்க வேண்டும், அது அசையாமல் நிற்கும். எங்கள் ஜன்னலில் தொடுவானம் இருக்க வேண்டிய உயரத்தில் படகின் வயிறு இருந்தது. அதுவும் எங்களோடு சேர்ந்தே ஆடியது.

எங்கள் அறையைச் சுத்தம் செய்ய வருகிற பையன் நாகர்கோவில் பக்கத்துக்காரன். பச்சை ஆப்பிள் நாலும் உப்பு பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்தான். கப்பல்காரர்கள் எல்லோரும் கொடுக்கிற வைத்தியம் அது. வாந்தி எடுத்த துணியை அவனே வாங்கிக்கொண்டு போனான், நான் வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. 8 மாத ஒப்பந்தம், வாரத்தில் ஏழு நாளும் வேலை. ஒரு நாளைக்குக் குறைந்தது 10 மணி நேரமாவது ஓய்வு கொடுக்க வேண்டும் என்பது 2006ஆம் வருஷத்துக் கடல் தொழிலாளர் உடன்படிக்கையில் இருக்கிறது, அந்த 10 மணி நேரத்தில்தான் தூக்கம், சாப்பாடு, வீட்டுக்குப் போன் எல்லாம். அம்மா அந்த நிலையிலும் தலையைத் தூக்கி, "நீ சாப்பிட்டியா ராசா?" என்று அவனைக் கேட்டார். அவன் கொஞ்ச நேரம் பதில் பேசாமல் நின்றான்.

காலை 7 மணிக்குக் கேப்டன் ஒலிபெருக்கியில் பேசினார். கடல் நிலைமை சரியில்லாததால் பயணிகளின் பாதுகாப்பை முன்னிட்டு இன்று புக்கெட்டில் நிற்க மாட்டோம், நாள் முழுவதும் கடலிலேயே இருப்போம், கேளிக்கை நிகழ்ச்சிகள் கூடுதலாக நடக்கும்.

கேப்டன் செய்தது சரி. இதை நான் அழுத்திச் சொல்கிறேன். புக்கெட்டில் பட்டோங் கடற்கரை மேற்கைப் பார்த்த விரிகுடா. பெரிய கப்பல் கரை வரை வர முடியாது, நடுவில் நங்கூரம் போட்டு, சின்னப் படகுகளில் ஆட்களை இறக்கிக் கரைக்குக் கொண்டு போக வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று மே மாதத்திலிருந்து அக்டோபர் வரை அந்தப் பக்கத்தில் நேராக வந்து அடிக்கும். கப்பலுக்கும் படகுக்கும் நடுவில் இரண்டு அடி ஏறி இறங்குகிற இடத்தில் என் அம்மாவைக் காலை எடுத்து வைக்கச் சொன்னால் நானே விட மாட்டேன். எங்கள் ஜன்னலை மறைத்துக்கொண்டு தொங்கியதே, அந்த வகைப் படகுகளைத்தான் இறக்கி ஆட்களை ஏற்றிக்கொண்டு போவார்களாம். அன்றைக்கு அது இறங்கவே இல்லை.

ஆனால் மதியம் அந்த நாகர்கோவில் பையன் துண்டு மாற்ற வந்தபோது சாதாரணமாக ஒன்று சொன்னான். "இந்தக் காத்துல இது மூணாவது தடவண்ணே. போன மாசம் ரெண்டு டிரிப் நிக்கல." மூன்றாவது தடவை. எங்கள் ரசீதின் முதல் பக்கத்தில் நீலக் கடலும் வெள்ளை மணலும் நீளவால் படகும் போட்டு, ஆகஸ்ட் தேதிக்கு மேலே 'புக்கெட்' என்று பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தார்கள்.

கீழ்த்தளத்தில் விசாரணை மேஜைக்கு முன்னால் பெரிய வரிசை. நானும் போய் நின்றேன், முக்கால் மணி நேரம். அந்த வரிசையில் நின்றவர்கள் பேசியதைக் கேட்டதில்தான் ஒரே கப்பலை ஆளுக்கு ஒரு விதமாகப் பார்க்கிறார்கள் என்பது தெரிந்தது.

எனக்கு முன்னால் சென்னையிலிருந்து வந்த பெரிய குடும்பம், 11 பேர். எல்லோரும் ஒரே மாதிரி மஞ்சள் டீ-சர்ட். முதுகில் குடும்பப் பேரும் 'புக்கெட் 2024' என்பதும் அச்சடித்திருந்தது. அதைப் போட்டுக்கொண்டு அவர்கள் வரிசையில் நின்றதைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. தாத்தாவின் 70ஆவது பிறந்தநாளாம். அந்த வீட்டு மருமகன் மேஜையில் இருந்த பெண்ணைப் பார்த்துக் கத்தினார். அந்தப் பெண்ணுக்கு 25 வயது இருக்கலாம், "மன்னிக்கவும் சார்" என்பதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். எனக்கு அவர் மேலும் கோபம் வரவில்லை, அந்தப் பெண் மேலும் வரவில்லை. சிறப்புச் சுற்றுலாவுக்குத் தனியாகக் கட்டிய பணம் முழுதாகத் திரும்பி வரும், அதோடு நிற்காத துறைமுகத்துக்கான கட்டணம் ஓர் ஆளுக்கு 30 சொச்சம் வெள்ளி வரும், அவ்வளவுதான். டிக்கெட்டின் நிபந்தனையில், எந்தத் துறைமுகத்தையும் மாற்றவோ விடவோ கப்பலுக்கு உரிமை உண்டு என்று எழுதியிருக்கிறது. அதைக் காட்டினார்கள்.

எனக்குப் பின்னால் சிங்கப்பூர்க்காரர் ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், மனைவியோடு வந்திருந்தார். அவர்களுக்கு இது 20ஆவது கப்பலுக்கு மேல். அவர் இணையக் கட்டணம் தப்பாகப் பிடித்திருக்கிறது என்று கேட்க மட்டும் வந்தவர். "ஆகஸ்ட்ல புக்கெட்டா? கெடச்சா லாபம்னு வச்சுக்கணும் தம்பி. நான் கப்பல்ல கால வச்ச நிமிஷமே என் லீவு ஆரம்பிச்சிருச்சு, அது எங்க போனா என்ன?" என்றார். அவருக்கு எல்லாமே தெரிந்திருந்தது. எந்தப் பக்க அறையில் ஆட்டம் குறைவு (நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில்), எந்தத் தளத்து ஜன்னலுக்கு முன்னால் படகு வரும், எந்த நேரத்தில் சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டம் இருக்காது, எல்லாம். இருபது தடவை பணம் கட்டிக் கற்றுக்கொண்ட பாடம்.

கோயம்புத்தூரிலிருந்து புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடியும் நின்றது. கப்பலிலேயே விலை குறைந்த அறை அவர்களுடையது, ஜன்னலே இல்லாத உள்ளறை, விளக்கை அணைத்தால் பகலா ராத்திரியா என்று தெரியாதாம். நான் என் ஜன்னல் கதையைச் சொல்லி வருத்தப்பட்டபோது அந்தப் பெண், "எங்களுக்கு ஜன்னல் கிடையாதுன்னு சொல்லித்தாண்ணா குடுத்தாங்க, அதனால நாங்க ரூமுக்குத் தூங்க மட்டும்தான் போறோம், மத்த நேரமெல்லாம் டெக்லதான்" என்றார். நாலு நாளும் அவர்கள் முகத்தில் ஒரு சுணக்கத்தையும் நான் பார்க்கவில்லை. புக்கெட் கைநழுவிப் போனது அவர்களுக்கும் வருத்தம்தான். ஆனால் வாங்கினது என்ன என்று தெரிந்து வாங்கியிருந்தார்கள்.

என் ஜன்னலைவிட நூறு மடங்கு மோசமான அறை, ஆனாலும் அவர்கள் ஏமாறவில்லை, நாங்கள் ஏமாந்தோம். இதை யோசித்துக்கொண்டே என் முறை வருவதற்குள் நான் வரிசையை விட்டு வந்துவிட்டேன்.

பயந்தோ வெட்கப்பட்டோ வரவில்லை. எனக்கு வேறு ஒரு முகம் ஞாபகம் வந்துவிட்டது. வண்டி ஓட்ட ஆரம்பித்த மூன்றாவது வருஷம், ஜூலை மாதம், தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவரும் அவர் மகளும் வந்தார்கள். பெரியவருக்கு நடக்க முடியாது, சக்கர நாற்காலி. கோடநாடு போக வேண்டும் என்றார்கள். காலையிலேயே அந்தப் பக்கத்து டீக்கடைக்காரர் போனில் சொல்லியிருந்தார், பத்தடிக்கு அந்தப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை என்று. நான் அதைச் சொல்லவில்லை. சொன்னால் டிரிப்பை விட்டுவிடுவார்கள், அன்றைக்கு எனக்கு வண்டித் தவணை கட்ட வேண்டியிருந்தது. போனோம். அவரைத் தூக்கி நாற்காலியில் வைத்து, தள்ளிக்கொண்டு போய், கம்பிவேலி ஓரத்தில் நிறுத்தினோம். வெள்ளையாக இருந்தது. பெரியவர் கோபப்படவே இல்லை. திரும்பி வரும்போது மட்டும், "காலைலயே தெரியுமா தம்பி?" என்று கேட்டார். நான் தெரியும் என்றேன், எப்படிப் பொய் சொல்வது. "சொல்லியிருக்கலாமே. மேகத்தப் பாக்கப் போறோம்னு நெனச்சுக்கிட்டு வந்திருப்பேன்" என்றார். இதை என் மனைவியிடம்கூட நான் ரொம்ப வருஷம் சொல்லவில்லை.

அதற்கப்புறம் நான் சொல்லிவிடுவேன். மழை நாளில் கேத்தரின் அருவி தெரியாது, போக வேண்டாம் என்பேன். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வருகிறவர்களிடம், மலை ரயிலை மட்டும் நம்பி வராதீர்கள், கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில் மண்சரிவு வந்தால் ரத்து செய்துவிடுவார்கள் என்பேன். 2024 மே 7 முதல் நீலகிரிக்குள் வர இ-பாஸ் வாங்க வேண்டும் என்று வந்த பிறகு, பதிவு செய்கிற அன்றைக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறேன், குஞ்சப்பனை சோதனைச்சாவடியில் வந்து நின்றுகொண்டு கைபிசைய வேண்டாம் என்று. இதனால் எனக்கு ஓட்டம் போயிருக்கிறது, உண்மைதான். வந்தவர்கள் மறுபடி வந்திருக்கிறார்கள், அதுவும் உண்மைதான். ஒற்றை வண்டி வைத்திருக்கிற நான் செய்கிறதை, அவ்வளவு பெரிய கப்பலை ஓட்டுகிறவர்களால் ஒரு வரி எழுதிச் செய்ய முடியாதா? 'இந்த மாதங்களில் புக்கெட்டில் நிற்பது காற்றைப் பொறுத்தது.' 'இந்த அறை ஜன்னலுக்கு முன்னால் படகு இருக்கும்.' ரசீதின் முதல் பக்கத்தில், படத்துக்குக் கீழே, அதே அளவு எழுத்தில். சென்னைக் குடும்பம் அப்போதும் வந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். டீ-சர்ட்டில் தாத்தாவின் பேரையும் வயதையும் மட்டும் அச்சடித்திருப்பார்கள்.

அன்றைக்கு முழுவதும் பின்தளத்துக்குக் கயிறு கட்டியிருந்தார்கள், காற்று. தம்பி அம்மாவிடம் பேசவே இல்லை. கடைசியில் சாப்பிடும்போது, "மன்னிச்சிரும்மா, நான் சரியா விசாரிக்கல" என்று சொல்லிவிட்டு அழுதுவிட்டான். 35 வயது ஆள். அம்மா அவன் தட்டில் அப்பளத்தை எடுத்து வைத்து, "மொத தடவ வந்த கப்பல்ல எனக்கு யாரும் சோறே போடலடா சின்னவனே" என்றார்.

கடைசி இரவு அறைக்கு வந்த கணக்கில் சேவைக் கட்டணம், ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு 20 வெள்ளிக்கு மேல், மூன்று பேருக்கு நாலு இரவு. அதையும் முன்பதிவில் யாரும் எங்களுக்கு வாயால் சொல்லவில்லை. அந்த நாகர்கோவில் பையனுக்குக் கையில் தனியாகக் கொடுத்தோம், வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, அம்மா சொன்னதால் வாங்கிக்கொண்டான். போகும்போது, "நாளைக்குக் காலைல அஞ்சரைக்கே கயித்த அவுத்துருவாங்க பாட்டி. பின்னாடி போகணும்னா அப்பப் போங்க, கூட்டமே இருக்காது" என்றான். அம்மா அவனிடம் எப்போது கேட்டார் என்று எங்களுக்குத் தெரியாது.

அம்மா 5 மணிக்கே எழுந்து குளித்து, கோத்தகிரியிலிருந்து கொண்டுவந்த ஸ்வெட்டரைப் போட்டு, மப்ளரைத் தலையில் சுற்றிக்கொண்டு தயாராக இருந்தார். அந்தக் கடலில் அவ்வளவு குளிர் இல்லை, ஆனால் காற்று இருந்தது. மூன்று பேரும் பின்தளத்துக்குப் போனோம். ஒருவரும் இல்லை. ஈரமான மரப்பலகைத் தரை, கம்பியில் உப்புப் படிந்து கை பிசுபிசுத்தது. கீழே கப்பல் கிழித்த தண்ணீர் வெள்ளையாக, நீளமாக, வந்த வழியெல்லாம் ரோடு போட்ட மாதிரி பின்னால் போய்க்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் நங்கூரம் போட்ட சரக்குக் கப்பல்களின் விளக்குகள். நாங்கள் கொஞ்ச நேரத்துக்கு முன்னால் தாண்டி வந்த ஒரு சின்னத் தீவு, கறுப்பாக, உச்சியில் ஒரே ஒரு சிவப்பு விளக்கோடு பின்னால் நின்றது.

அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த விளக்கையே பார்த்தார். "மணி என்னடா?" என்றார். 6:05 என்றேன். அதற்கப்புறம் எதுவும் பேசவில்லை. தம்பி காபி வாங்கி வந்தான், அது அவர் கையிலேயே ஆறிப்போனது. கிழக்கே கொஞ்சம் வெளுத்தது. தீவு முதலில் தட்டையானது, அப்புறம் ஒரு கோடாக ஆனது, அப்புறம் விளக்கு மட்டும், அதுவும் ஒரு தடவை தெரிந்து ஒரு தடவை மறைந்தது. எனக்கு அது எப்போதோ போய்விட்டது, அம்மா கண்ணுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் தெரிந்திருக்கும் போல.

"இப்ப மணி?"

"6:40ம்மா."

"முப்பத்தஞ்சு நிமிஷம்" என்றார். மப்ளரை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஆறிய காபியைக் குடித்தார்.